கம்பம் நிக்குதுங்க

அந்த வருஷம் கோயில் கம்பம் எத்தனை நாள் நின்றது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நாற்பத்தேழு நாள் என்று என் நினைவு சொல்கிறது. என் நினைவை நானே முழுக்க நம்புவதில்லை. நொச்சிவலசில் மேற்குத் தோட்டத்தாரைக் கேட்டால் ஐம்பதுக்கு மேல் என்பார்கள். கிழக்குத் தோட்டத்தார் நாற்பதுகூட இருக்காது என்பார்கள். துப்பாக்கியில் மாட்டியிருந்த தூரக்கண்ணாடியோ நூற்றுச் சொச்சம் என்கிறது, எண்ணிக்கை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அது ஏன் என்று கடைசியில் விளங்கும். துப்பாக்கிக்காரி சஷ்டிகாவிடம் கேட்டுப் பயனில்லை. கேட்டவருக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தீனி போடப் போய்விடுவாள்.

நாற்பத்தேழு என்றே வைத்துக்கொள்வோம். அதில் இருபதாம் நாள் காலையிலிருந்து தொடங்கலாம்.

விடிந்து சற்று நேரம்தான் ஆகியிருந்தது. சஷ்டிகா தன் மக்காச்சோளக் காட்டு வரப்பில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். கதிர்கள் பால் பிடித்திருந்தன. பால் பிடித்த கதிரின் வாசம் மனிதருக்கு அவ்வளவாகத் தெரியாது, பன்றிக்கு நாலு கிலோமீட்டர் தள்ளித் தெரியும். எதிரே ஏழெட்டுப் பன்றிகள் சோளத்தட்டைகளைச் சாய்த்துப் போட்டுச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தன. அவள் துப்பாக்கியை உயர்த்தினாள். தூரக்கண்ணாடி அளந்தது, சட்டைப்பையில் இருந்த போனுக்குச் சொன்னது. போன் ஊர் விதிகளைப் புரட்டியது. பிறகு காதில் மாட்டியிருந்த பொத்தானில் லோகு பேசினான்.

"எம்பத்திரெண்டு மீட்டருங்க. காட்டெல்லை நாலு கிலோமீட்டருக்கு அக்கட்டால இருக்குதுங்க. ஆண் பன்னிங்க. பின்னால ஆளு நடமாட்டம் இல்லீங்க."

அவள் காத்திருந்தாள். லோகு மூக்கை உறிஞ்சினான். உறிஞ்சினால் நல்ல சேதி வராது.

"ஊருல கம்பம் நிக்குதுங்க. சுடக்கூடாதுங்க."

கண்ணாடியின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு எரிந்தால் விசை கல்லாகிவிடும், யானையே வந்து அழுத்தினாலும் இறங்காது. பன்றிகளில் ஒன்று, மூத்தது, தலையைத் தூக்கி அவள் இருந்த பக்கம் பார்த்தது. பிறகு இன்னொரு தட்டையைச் சாய்த்தது.

"கெரகம் புடிச்சவனே" என்றாள் சஷ்டிகா. பன்றியைச் சொன்னாளா, லோகுவைச் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. காட்டின் மறுகோடியில் அவள் கணவன் பிரணவ் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு கத்தினான். டப்பா சத்தம் பன்றிகளுக்குப் பழகிவிட்டது. இரண்டு சால் தள்ளிப் போய் மேலும் தின்றன.

அந்த நாட்களில் பஞ்சாயத்துக்கு ஒருவருக்குத்தான் பன்றி சுட உரிமம். நொச்சிவலசில் அது சஷ்டிகாவிடம் இருந்தது. பயிற்சிக்குப் போன ஆறு பேரில் அவள் கைதான் நடுங்கவில்லை. துப்பாக்கியோடு கண்ணாடியும் வந்தது. காட்டெல்லைத் தூரம், ஆணா பெண்ணா என்கிற அரசாங்க விதி மட்டுமல்லாமல் ஊருக்கு ஊர் இருக்கிற விதியையும் அது பார்க்கும். கருவியைக் கொடுத்த கம்பெனி, விதிகளை வாசிக்க உள்ளூர்க் குரல் ஒன்று வேண்டும் என்றது. நாற்பது பக்கத்தை உட்கார்ந்து வாசிக்க ஊரில் யாருக்குப் பொறுமை? பஞ்சாயத்துச் செயலர் லோகநாதன்தான் வாசித்தார். அன்று அவருக்குக் கடுமையான ஜலதோஷம். கருவி அவருடைய குரலோடு உறிஞ்சலையும் சேர்த்துக் கற்றுக்கொண்டது. ஊர் அதற்கு லோகு என்று பெயர் வைத்தது. நேரில் அவரை "லோகநாதனுங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர்களே, காட்டில் "லோகு என்னடா சொல்றான்" என்பார்கள். அவருக்கு அதில் வருத்தம்தான்.

கம்பத்து விதியை யாரும் மேலிருந்து கொண்டுவந்து திணிக்கவில்லை. ஊரே கேட்டு வாங்கியது. கார்த்திகையில் மாரியம்மன் திருவிழாவான நோம்பிக்குச் சாட்டி, மூன்று கவையுள்ள மரக்கிளையை வெட்டிவந்து கோயிலுக்கு முன்னால் நடுவார்கள். அது கம்பம். அம்மனின் மாப்பிள்ளை என்று சொல்வார்கள். காலையில் பெண்கள் குடம் குடமாக அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பதினைந்தாம் நாள் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் விடுவார்கள். அதுவரை ஊரில் உயிர் எதையும் கொல்லக்கூடாது. மூன்று வருஷத்துக்கு முன் நடந்த கிராமசபையில் எல்லோரும் கை தூக்கி இதையும் லோகுவின் விதிகளில் ஏற்றச் சொன்னார்கள். பதினைந்து நாள் என்று எழுதச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை. கம்பம் பதினைந்து நாளைக்கு மேல் நிற்கும் என்று எவன் நினைப்பான்? 'கம்பம் நிற்கும்வரை' என்று எழுதினார்கள்.

இந்த வருஷம் அது நின்றது.

கம்பத்தைப் பிடுங்க முதல் கை வைப்பது மேற்குத் தோட்டத்துக்கு ஒரு வருஷம், கிழக்குத் தோட்டத்துக்கு ஒரு வருஷம். போன வருஷம் மேற்கின் முறை. போன வருஷம் பெய்த மழையில் நோம்பியே நின்றுபோனது. அப்படியானால் இந்த வருஷம் யார் முறை? மழையில் போனது போனதுதான், இது எங்கள் முறை என்றார் கிழக்குத் தோட்டத்து நிதிஷ். கை வைக்காத முறை எப்படிக் கழியும் என்றார் மேற்குத் தோட்டத்து கோகுல். இருவரும் பங்காளிகள். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, இருவர் தோட்டத்துக்கும் மின்வேலி உண்டு. பன்றிக்குத் திறந்து கிடந்தது வாய்க்காலுக்கு இந்தப்பக்கம் இருந்த சஷ்டிகாவின் இரண்டரை ஏக்கர்தான். அதுவும் பாதி குத்தகை நிலம். இந்த வெள்ளாமை போனால் நிலத்துக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அன்று காலை அவள் கோயிலுக்குக் குடத்தோடு போனபோது, கோகுல் கோயிலின் இடப்பக்கத்திலும் நிதிஷ் வலப்பக்கத்திலும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தனியாகப் போய்க் கை வைத்துவிடுவாரோ என்று மற்றவர் காவல்.

"வா சஷ்டி. பன்னி வந்துச்சா?" என்றார் கோகுல்.

"வந்துச்சுங்கண்ணா. உங்களக் கேட்டதாச் சொல்லச் சொல்லுச்சு."

நிதிஷ் வலப்பக்கத்திலிருந்து சிரித்தார். 

"உங்களையுந்தானுங்கண்ணா" என்றாள் அவள். சிரிப்பு நின்றது.

"நான் என்ன பண்றது சாமி? அந்தாளு ஒரு வார்த்த, 'நிதிசு, நீயே வையி'ன்னு சொன்னா இந்த நிமிசம் புடுங்கிருவன்."

"ஏன், அத அவன் சொல்லட்டுமே" என்றார் கோகுல், காற்றைப் பார்த்து.

சஷ்டிகா பேச்சை விட்டுவிட்டுக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றி நிமிரும்போதுதான் கண்டாள். நடுக் கவைக்குச் சற்றுக் கீழே, மஞ்சள் பூசிய பட்டையைக் கீறிக்கொண்டு, அரிசி அளவில் ஒரு மொட்டு. சிவப்பாக இருந்தது. வழக்கமாக வேம்பில்தான் கம்பம் வெட்டுவார்கள். இந்த வருஷம் மூன்று கவை உள்ள வேம்பு கிடைக்காமல் இச்சி மரத்தில் வெட்டிவந்திருந்தார்கள். இச்சி ஆலமரத்துக்குத் தம்பி முறை. வெட்டி நட்ட கிளைக்கும் ஈரம் கிடைத்தால் வேர் விடும்.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு காலிக் குடத்தோடு நேராகப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனாள்.

லோகநாதன் வெந்நீரில் மிளகுத்தூளைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். மறுபடி ஜலதோஷம்.

"விதிய மாத்திக் குடுங்க" என்றாள்.

"மாத்தறதுக்குக் கிராமசபை கூட்டோணும்."

"கூட்டுங்க."

"கம்பம் நிக்கையில ஊருக்கூட்டம் கூடாதே, அம்மிணி."

"அப்பக் கம்பத்த எடுங்க."

"யாரு மொறைன்னு தீராம எடுக்க முடியாதே. தீக்கறதுக்குக் கூட்டம் போடோணும்." அவர் மூக்கை உறிஞ்சினார். சஷ்டிகாவின் விரல் தானாக விறைத்தது. "என்னை ஏன் அப்படிப் பாக்கற? எனக்கே என் கொரலக் கேட்டா எரிச்சலா இருக்குது. நேத்து பஸ் ஸ்டாப்புல ஒருத்தன் நான் தும்முனதுக்கு 'சரி சரி, சுடலீங்க'ங்கறான்."

அவள் சிரிக்கவில்லை. "கம்பம் நிக்குதுன்னு லோகுவுக்கு எப்படிங்க தெரியும்?"

"கோயில் நகைக்குன்னு முன்னால ஒரு கேமரா வெச்சிருக்குதல்ல, அது வழியாப் பாப்பான். பாத்துக் கம்பம்னு அவனே முடிவு பண்ணுவான்."

"பக்கத்துலயே வேப்பமரம் நிக்குதே. அதைக் கம்பம்னு நெனைக்க மாட்டானா?"

"மொத வருசம் நெனச்சான்." லோகநாதனின் குரலில் உற்சாகம் வந்தது. இதைக் கேட்க இதுவரை ஆள் கிடைத்ததில்லை. "பொறகுதான் நாங்க சொல்லிக் குடுத்தம். கட்டி வெச்ச வேப்பில நாளாக ஆகக் காயும், அதைக் கணக்குல எடுக்காத. பட்டையில இருந்து தழைச்சு நாளுக்கு நாள் எச்சாகற எல இருந்துதுன்னா அது மரம். எல இல்லாம மொட்டையா நின்னாக் கம்பம். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிஞ்சது."

சஷ்டிகா காலிக் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லோகநாதன் வெந்நீரைக் குடித்து முடித்தார்.

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதானுங்" என்று எழுந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் ஒரு குடத்துக்குப் பதில் மூன்று குடம் ஊற்றினாள். மூன்றாவது குடத்தில் பழைய சாணி கரைந்திருந்தது. யாரும் கேட்கவில்லை. அம்மனுக்கு ஊற்றுகிறவளிடம் அளவு கேட்க ஊரில் எவருக்கும் துணிவில்லை. மார்கழிப் பனியும் சேர்ந்துகொண்டது. மொட்டு மூன்றாயிற்று, ஆறாயிற்று. முப்பதாம் நாள் ஒன்று பிரிந்து, குழந்தையின் நாக்கு மாதிரி ஒரு தளிர் வந்தது. முப்பத்தோராம் நாள் அதை அம்மனுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக் கெடா தின்றுவிட்டது.

நேர்ந்துவிட்ட கெடாவை விரட்டக்கூடாது, அதுவும் கோயில் வாசலில். கெடாவுக்கும் அது தெரியும். சஷ்டிகா அன்றிலிருந்து பன்றி கடித்துப்போட்ட மிச்சக் கதிர்களைப் பையில் கொண்டுவந்து கோயிலின் பின்புறம் கொட்டினாள். கெடா பின்புறமே குடியிருக்கத் தொடங்கியது. இரண்டே வாரத்தில் அது இரட்டைக் கெடா போல ஆயிற்று.

"பன்னிக்கும் போடற, கெடாவுக்கும் போடற" என்றான் பிரணவ். "நமக்கு ஏதாச்சும் மிஞ்சுமா புள்ள?"

"பாதி மிஞ்சும்."

"அதெப்படி அத்தன உறுதியாச் சொல்ற?"

அவள் கதிர்ப் பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். தினமும் குடத்தைச் சாய்க்கும்போது அவளுக்குள் ஒரு கேள்வி ஊறிக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீரை அம்மனுக்கு ஊற்றுகிறோமா, சோளத்துக்கு ஊற்றுகிறோமா? கூட ஊற்றுகிற பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார்கள். அவள் மட்டும் கண்ணைத் திறந்து இலையை எண்ணினாள். கண்ணை மூடிப் பார்த்தாள் ஒரு நாள். மூடினால் பன்றிதான் தெரிந்தது. தண்ணீர் என்னவோ எல்லாக் குடத்திலிருந்தும் ஒரே வேருக்குத்தான் போயிற்று என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் அரை நாள் தாங்கியது.

நாற்காலிக்காரர்கள் இருவரும் இலையைப் பார்க்கவே இல்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தேழாம் நாள் விடியலில் சஷ்டிகா அதே வரப்பில் உட்கார்ந்து துப்பாக்கியை உயர்த்தினாள். மூத்த பன்றி வழக்கம்போலத் தலையைத் தூக்கிப் பார்த்தது. அதற்கு இப்போது அவள்மேல் ஒரு பழக்கமே வந்திருந்தது.

"எழுவது மீட்டருங்க. காட்டெல்லை நாலு கிலோமீட்டருக்கு அக்கட்டால இருக்குதுங்க. ஆண் பன்னிங்க. பின்னால ஆளு நடமாட்டம் இல்லீங்க."

உறிஞ்சலுக்காகக் காத்திருந்தாள். உறிஞ்சல் வரவில்லை.

"கோயிலு முன்னால மரம் ஒண்ணு நிக்குதுங்க. கம்பம் இல்லீங்க. சுடலாமுங்க."

பச்சை எரிந்தது. இத்தனை நாள் கல்லாக இருந்த விசை விரலுக்குக் கீழே வெண்ணெயாக இளகியது. அவள் உடனே அழுத்தவில்லை. சிவப்பு எரிந்தவரை மாட்டேன் என்று சொல்லும் வேலையை லோகு பார்த்துக்கொண்டான். பச்சை எரிந்தபோதுதான், அந்த வேலை இனி யாருடையது என்று அவளுக்கு உறைத்தது. பன்றி வாயில் கதிரோடு நின்றது. கதிர் அவளுடையது.

அவள் சுட்டாள்.

வெடிச் சத்தம் ஊருக்குள் போய் எல்லோரையும் எழுப்பிக் கூட்டிவந்தது. கம்பம் நிற்கையில் வேட்டுச் சத்தம்! முதலில் வந்தது ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டிவந்தவர் கோகுல். அவர் பின்னால் உட்கார்ந்திருந்தவர் நிதிஷ், தன் வண்டியில் சார்ஜ் இல்லாததால். நாற்பத்தேழு நாளில் இருவரும் அவ்வளவு நெருங்கியது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, கம்பம் நிக்கையில உசுரக் கொன்னுட்டயே! ஊரு தாங்குமா?" என்றார் கோகுல்.

"கேட்டியா அவளை? நல்லாக் கேளு" என்றார் நிதிஷ், பங்காளியின் தோளைப் பிடித்தபடி.

"லோகு உட்டானுங்க, சுட்டன்."

"லோகு எப்படி உடுவான்?"

அவள் போனை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். கோயிலு முன்னால மரம் ஒண்ணு நிக்குதுங்க, கம்பம் இல்லீங்க என்றது போன். கூட்டத்தில் அப்போதுதான் வந்து சேர்ந்த லோகநாதனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் சொல்லலப்பா!" என்று அவர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

கூட்டம் அப்படியே கோயிலுக்கு நடந்தது. எல்லோரும் கம்பத்தைச் சுற்றி நின்றார்கள். மூன்று கவையிலும் இலை. கையகல இலைகள், வெயில் பட்டு மினுமினுத்தன. ஒரு கவையின் நுனியில் சிட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. கூட்டத்தைக் கண்டு அது பறக்கவில்லை.

காலைச் சோற்று நேரம் வந்து போனது, ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அப்போது என்ன நினைத்தீர்கள் என்று நான் பிறகு பலரிடம் விசாரித்திருக்கிறேன். ஒவ்வொருவரும் வேறு வேறு எதையோ சொல்கிறார்கள்.

கடைசியில் நிதிஷ்தான் தொண்டையைச் செருமினார். "கோகுலு, யோசிச்சுப் பாத்தா இது உங்க மொறைதான். நீயே கைய வையி."

"அய்யய்யோ, அதெப்படி? மழையில போனது போனதுதானே. நீ சொன்னதுதான் நாயம். நீ வையி."

"இல்ல, இல்ல. கை வெக்காத மொற எப்படிக் கழியும்?"

வேர் விட்டு உயிரோடு நிற்கும் மாப்பிள்ளையைப் பிடுங்க எந்தத் தோட்டத்துக் கையும் நீளவில்லை. பெண்கள்தான் முதலில் அசைந்தார்கள். அன்றைய தண்ணீர் இன்னும் ஊற்றவில்லையே என்று ஒருத்தி குடத்தைத் தூக்கினாள். வரிசை நகர்ந்தது.

லோகநாதன் சஷ்டிகாவின் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒரு கொடம் ஊத்தறதுதானே வழக்கம். நீ மூணு ஊத்துனயே அம்மிணி, எதுக்கு?"

அவள் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரிசைக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். அவர் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு நகர்ந்தார்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். சஷ்டிகாவுக்கு அந்த வருஷம் பாதிச் சோளம் வீடு வந்தது, நிலம் கை மாறவில்லை. பிரணவ் தகர டப்பாவைத் தூக்கிப் பரணில் போட்டான். கெடாவை அடுத்த நோம்பியில் கம்பம் பிடுங்கியபின் வெட்டினார்கள், ஊரில் எல்லார் வீட்டுக்கும் கறி போதுமானதாக இருந்தது. அந்த நோம்பியிலிருந்து புதுக் கம்பத்தைச் சற்றுத் தள்ளி நடுகிறார்கள். பதினைந்தாம் நாள் கோகுலும் நிதிஷும் ஒன்றாகக் கை வைத்துப் பிடுங்குகிறார்கள், ஒரு நாளும் தாமதிப்பதில்லை. நிதிஷ் ஆறு வருஷம் கழித்து இறந்தார். அவருடைய முறைக்கு இப்போது அவர் மகள் கை வைக்கிறாள். லோகநாதன் ஓய்வு பெற்றுத் திருப்பூரில் மகனோடு இருக்கிறார், ஜலதோஷம் விட்டுவிட்டதாம்.

இச்சி மரம் கோயில் கோபுரத்தை எட்டிவிட்டது. இச்சி வருஷத்துக்கு ஒரு முறை, மாசியில், மொத்த இலையையும் கொட்டிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் மொட்டையாக நிற்கும். அந்த நாட்களில் லோகு மூக்கை உறிஞ்சிவிட்டு, கம்பம் நிக்குதுங்க, சுடக்கூடாதுங்க என்கிறான். அந்த வருஷத்துக் கம்பம்தான் இன்னும் நிற்கிறது என்று நாளைப் பழைய கணக்கிலேயே கூட்டிக்கொள்கிறான். பன்றிகள் வந்து நிலக்கடலையைக் கிளறித் தின்றுவிட்டுப் போகின்றன. இது பிழை, ஒரே நாளில் சரிசெய்து தருகிறோம் என்று கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். கிராமசபையைக் கூட்டிக் கேட்டார்கள். சரிசெய்ய வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்கள்.

யாரும் தூக்கவில்லை. உரிமம் இன்னும் சஷ்டிகாவிடம்தான் இருக்கிறது. மாசியில் சிவப்பு எரிந்தால் அவள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் கோயிலுக்குப் போகிறாள். அங்கே ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறாள். ஒரே ஒரு குடம்.